எலும்பு கூடிய பின்னும்

இலங்கையில் கோப்பித் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத்துக்கு 1872இலேயே சட்டம் வந்தது; பதுளைக்கு ரயில் வந்ததோ 1924இல். ஆனாலும் பதுளையைச் சூழ்ந்த ஊவா மலைத் தோட்டங்களில் நரம்புக் காயம் கண்ணில் படாமல் போனதற்குத் தூரத்தைவிட வேலைக்கணக்கே பெரிய காரணம் என்பேன். மலைச்சரிவில் விழுந்து மேற்கை எலும்பு முறிந்தால், அதைச் சுற்றி ஓடும் ரேடியல் நரம்பும் நசுங்கலாம். எலும்பு சில மாதங்களில் கூடிவிடும். மணிக்கட்டோ தொங்கியே கிடக்கும். கைப்பிடி தளர்ந்தால் பறிக்கும் தேயிலைக் கொழுந்தின் நிறை குறையும்; செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி, விழும்; காரணம் விழாது.

இந்த நரம்புக் காயங்களில் பெரும்பாலானவை தாமாகவே ஆறிவிடுமே எனலாம். உண்மைதான். ஆனால் நரம்பு நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். அதுவரை மணிக்கட்டை நிமிர்த்திக் கட்டி, விரல்கள் இறுகாமல் பார்க்கவேண்டும். ஆறாதவற்றைப் பிரித்தறிய மாதக்கணக்கில் கிளினிக் நடை. ஒன்றரை ஆண்டு தாண்டினால் நரம்பைத் தைத்தும் தசை மீள்வது அரிது. 1934இன் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருந்ததே என்றால், ஊனத்துக்குச் சான்று பெறவும் அதே நடைதான். நாட்கூலிக்காரருக்கு ஒவ்வொரு நடையும் ஒரு பேர் நட்டம்.