வெக்கையும் கருக்கும்: பிளஸ் ஒன்னுக்கு எது முதலில்?

பரளச்சி, திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலிலேயே கரிசல் இலக்கியம் வந்துவிடுகிறது. கி. ராஜநாராயணனின் 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலில் களைத்து வந்த வழிப்போக்கனை ஊர் உபசரிக்கும் பகுதி அது. நல்ல தேர்வுதான். ஆனால் இதே கரிசலில் அரிவாளும் உண்டு. அந்தக் கதையைப் பிள்ளைகள் டீக்கடையிலும் திருவிழாக் கூட்டத்திலும் ஒரு தரப்பின் வாயிலிருந்து மட்டும் கேட்டு வளர்கிறார்கள். அரசின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகக் குட்டிப் புத்தகங்கள் கொடுக்கிறது. பறக்கத் தொடங்கிய பிள்ளைக்குப் பதினைந்து வயதில் கொடுக்கத் தமிழில் தனி அலமாரி இல்லை. குட்டிப் புத்தகத்தை மூடினால் அடுத்தது பெரியவர்களின் நாவல்தான்.

அந்த அலமாரிக்கு இரண்டு புத்தகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒன்று கோவில்பட்டிச் சீமைக்காரரான பூமணி 1982இல் எழுதிய 'வெக்கை'. மற்றது விருதுநகர் மாவட்டத்துப் புதுப்பட்டியில் பிறந்த பாமா 1992இல் வெளியிட்ட 'கருக்கு'. முதலாவது நாவல், இரண்டாவது தன்வரலாறு. இரண்டிலும் வளரும் பருவத்துப் பிள்ளை ஒன்று, வயதுக்கு மீறியதைச் சுமக்கிறது.

ஆசிரியர் அறையில் கேட்டால் பதில் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். 'வெக்கை' வேண்டாம் சார், கொலை, வெடிகுண்டு, அதுவும் பதினைந்து வயதுப் பையன். 'கருக்கு' பரவாயில்லை, படித்து மேலே வந்த கதை. எனக்கு இது தலைகீழாகப் படுகிறது.

'வெக்கை'யில் கொலை தொடக்கத்திலேயே முடிந்துபோகிறது. நிலத் தகராறில் அண்ணனைக் கொன்ற வடக்கூரானைப் பதினைந்து வயதுச் சிதம்பரம் வெட்டிவிடுகிறான். கையை மட்டும் எடுக்கத்தான் நினைத்திருந்தான், ஆள் செத்துப்போகிறான். அப்புறம் நாவல் முழுக்க அப்பாவும் மகனும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிகிற நாட்கள். எங்கே தண்ணீர், எதைச் சமைப்பது, அம்மா எப்படி இருப்பாள். வெட்டியவனுக்கு வீரப் பட்டம் கட்டுகிற இடமே இல்லை. பழிவாங்கியவனுக்கு மறுநாள் காலையில் பசிக்கும் என்பதைப் பதினாறு வயதுக்காரனுக்கு இதைவிடப் பொறுமையாகச் சொன்ன தமிழ் நாவல் எனக்குத் தெரியவில்லை.

பிள்ளைகளுக்கு இந்தக் கதை ஏற்கெனவே தெரியும் என்பது இன்னொரு வசதி. வெற்றிமாறனின் 'அசுரன்' 2019இல் வந்தது, தனுஷுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்தது. படம் மகனை ஓரமாக நிறுத்திவிட்டு அப்பனை நாயகனாக்கியது, அவனுக்கு நீண்ட முன்கதை சேர்த்தது, கடைசியில் படிப்பைப் பற்றி ஓர் உபதேசத்தையும் வைத்தது. நாவலில் உபதேசம் கிடையாது. இருவரும் கோர்ட்டில் சரணடையக் கிளம்புகிறார்கள். இந்த வித்தியாசம் ஒன்றைப் பிடித்துக்கொண்டே ஒரு வாரம் பாடம் நடத்தலாம். இன்றைக்கு இந்தப் பையனை எங்கே கொண்டுபோவார்கள் என்று கேட்டால் சிறார் நீதிச் சட்டம் வரைக்கும் பேச்சு நீளும். 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி பதினாறு நிறைந்தவரைத்தான், அதுவும் கொடுங்குற்றத்துக்கு மட்டும், பெரியவராகக் கருதி விசாரிக்க வழி உண்டு. பதினைந்து வயதுக்காரனின் வழக்கு சிறார் நீதிக் குழுமத்தோடு நின்றுவிடும்.

பூமணி நாவலில் சாதிப் பெயரைச் சொல்வதில்லை. இதைக் குறையாகச் சொன்னவர்கள் உண்டு. பரளச்சிப் பக்கத்து வகுப்பறைக்கு அது பெரிய உபகாரம். 1957 முதுகுளத்தூர்ச் சாதிக் கலவரத்தின் நினைவு இன்னும் ஆறாத பகுதி இது. செப்டம்பர் 11 பரமக்குடி நினைவு நாளுக்கும் அக்டோபர் 30 பசும்பொன் குருபூஜைக்கும் என்று ஆண்டுதோறும் சாலையெங்கும் போலீஸ் சோதனை. பெயர் இல்லாத கதையில் எந்தப் பெஞ்சுக்காரனும் சிதம்பரத்தின் பக்கத்தில் போய் நின்றுகொள்ள முடியும். கருத்துச் சொன்ன பிறகுதான் யார் யாருடைய நிலத்தைப் பிடுங்கினார்கள் என்ற கேள்வி மெதுவாக எழும்.

'கருக்கு' அந்த அவகாசம் தராது. தொடக்கத்திலேயே ஊர் தெரு தெருவாகப் பிரிந்து கிடக்கும். மூன்றாம் வகுப்புச் சிறுமி, தன் தெருப் பெரியவர் வடைப் பொட்டலத்தை நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துச் சிரிக்கிறாள். தொட்டால் தீட்டு என்று அண்ணன் விளக்கிய பிறகு சிரிப்பு போய்விடுகிறது. கல்லறைத் தகராறில் போலீஸ் வர, ஆண்கள் ஒளிய, இறந்த மகனின் முகம் பார்க்க ஒரு தகப்பன் சேலை கட்டிக்கொண்டு வருகிறான். 'வெக்கை'யில் ஒளிகிறவர்களோடு நாமும் காட்டுக்குப் போய்விடுகிறோம்; வீட்டுப் பெண்கள் தூரத்துக் கவலையாகத்தான் வருகிறார்கள். பாமா நம்மைத் தெருவிலேயே, லத்திக்கு எதிரே நிற்கும் பெண்களோடு நிறுத்துகிறார். அந்த வகையில் 'கருக்கு'தான் பெரிய புத்தகம் என்பேன்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அரிசனப் பிள்ளைகள் எழுந்து நில்லுங்கள் என்று பள்ளியில் சொல்ல, கூனிக்குறுகி எழுந்து நிற்பதைப் பாமா எழுதியிருக்கிறார். அந்தப் பகுதியை நாற்பது பேர் நடுவில் ஆசிரியர் சத்தமாக வாசித்தால் என்ன ஆகும்? யாரும் எழச் சொல்ல வேண்டியதில்லை, முப்பது பேர் திரும்பி அந்த மூன்றாவது பெஞ்சைப் பார்ப்பார்கள். பாமாவுக்கு நேர்ந்ததை அவர் புத்தகத்தை வைத்தே இன்னொரு பிள்ளைக்குச் செய்ததாகிவிடும். இதற்காகப் புத்தகத்தைப் பூட்டி வைக்கச் சொல்லவில்லை. 2021இல் பாமாவின் 'சங்கதி'யை டெல்லிப் பல்கலைக்கழகம் ஆங்கில இலக்கியப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்தது. 2020இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் அருந்ததி ராயின் நூலை எடுத்தது. இங்கே புத்தகத்தை எடுப்பதற்கு ஆட்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறார்கள்.

நாங்குநேரியில் 2023இல் சக மாணவர்களே வீடு புகுந்து ஒரு மாணவனை வெட்டிய பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, சாதி அடையாளமாகக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை கேட்டது. கயிற்றை அறுக்கச் சொல்லலாம். அறுத்த பையனோடு எதைப் பேசுவது என்பதற்கு 'வெக்கை' ஒரு வழி. ஜூலையில் தொடங்கினால் பரமக்குடிக்குப் போலீஸ் வண்டிகள் வருவதற்கு முன்பே முடித்துவிடலாம். 'கருக்கு' நூலக அலமாரியில் நாலைந்து பிரதியாக இருக்கட்டும். கேட்கிற பிள்ளை வீட்டுக்கு எடுத்துப்போகட்டும், எந்தப் பதிவேட்டிலும் பெயரை உரக்க வாசிக்காமல். ஆசிரியர்கள் அதைத் தங்களுக்குள் முதலில் படித்துப் பேசிவிட வேண்டும்; பள்ளிகளில் அந்தப் பேச்சுதான் இன்னும் தொடங்கவில்லை.