கெராவின் பெயரில் ஒரு நோய்

புக்கிட் மெலாவாத்தி ஏறியவர்களுக்கு இரண்டு வகைக் குரங்குகளைத் தெரியும். கறுத்த தாய், ஆரஞ்சு நிறக் குட்டி என்று சாதுவாக உட்கார்ந்திருக்கும் லோத்தோங் ஒன்று. கையில் இருப்பதைப் பிடுங்கிக்கொண்டு ஓடும் நீண்ட வால் கெரா இன்னொன்று. கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டங்களில் கெரான்னா திருடன்தான், வேறு பேச்சே கிடையாது. ஆனால் மருத்துவ வரலாற்றில் கெராதான் பறிகொடுத்த பக்கம்.

1950களின் நடுவில் இளம்பிள்ளைவாதத் தடுப்பூசி வந்தது. அந்த வைரஸை வளர்க்கக் குரங்குச் சிறுநீரகச் செல்கள் வேண்டும். அதற்காக ஆசியக் குரங்குகள் ஆயிரக்கணக்கில் கூண்டுகளில் ஏற்றப்பட்டன. 1958இல் சிங்கப்பூரிலிருந்து கோப்பன்ஹேகன் அரசு சீரம் ஆய்வகத்துக்குப் போன கெராக்களின் உடம்பில் கொப்புளங்கள் கிளம்பின. வந்து இறங்கி ஐம்பது நாள்களுக்கு மேல் ஆன பிறகுதான் அவை தெரிந்தன. வான் மாக்னஸ் குழு புதிய அம்மை வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்தது. குரங்கம்மை என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

பெயர் தப்பு. மனிதரில் முதல் நோயாளி 1970இல் காங்கோவில் கண்டறியப்பட்ட ஒன்பது மாதக் குழந்தை. வைரஸின் இருப்பிடம் ஆப்பிரிக்காவின் அணில், எலி போன்ற கொறித்துண்ணிகள் என்பதே இன்றைய கணிப்பு. 2003இல் அமெரிக்காவுக்கு அதைக் கொண்டுபோனதும் கானாவிலிருந்து செல்லப்பிராணிகளாக இறக்குமதியான பெரிய எலிகள்தான். கெராவும் நம்மைப் போல நோய் வாங்கிக்கொண்ட உயிர். நம் ஆட்கள் அம்மை கண்டால் வேப்பிலை கட்டி 'அம்மா வந்திருக்கா' என்பார்கள். அறிவியல் பழியைக் கெரா மேல் போட்டது. 2022இல்தான் உலகச் சுகாதார நிறுவனம் 'எம்பாக்ஸ்' என்று பெயரை மாற்றியது.

இதற்கிடையில் செல் ஆய்வில் ஒரு மாற்றம் நடந்திருந்தது. 1962இல் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் யசுமுரா, ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து சாகாமல் பெருகும் செல்வரிசையை உருவாக்கினார். எஸ்பெராண்டோ மொழியில் 'பச்சைச் சிறுநீரகம்' என்பதன் சுருக்கமாக அதற்கு 'வெரோ' என்று பெயர். எம்பாக்ஸ் வைரஸை இன்றும் அதில்தான் பெரும்பாலும் வளர்க்கிறார்கள். ஒவ்வொரு முறையும் புதுக் குரங்கைக் கொல்ல வேண்டியதில்லை.

ஆனால் செல்லுக்குக் காய்ச்சல் வராது. நோய் எப்படிப் பரவுகிறது, மருந்து காப்பாற்றுமா என்று பார்க்க முழு உடம்பு வேண்டும். சாதாரண ஆய்வக எலிகள் இந்த வைரஸுக்கு எளிதில் மசிவதில்லை. அமெரிக்கப் புல்வெளி நாய் எனப்படும் கொறித்துண்ணிக்கு மனிதரைப் போலவே மெதுவாக நோய் வரும். கெராவுக்கோ, கோடிக்கணக்கான வைரஸ்களை நேராக ரத்தக் குழாயில் ஏற்றியே பெரும்பாலும் கடும் நோயை வரவழைக்கிறார்கள். அப்படி நோயுற்ற கெராக்களை டெக்கோவிரிமாட் மருந்து காப்பாற்றியது. அந்தச் சான்றையும் முயல் சோதனைகளையும் வைத்து 2018இல் அமெரிக்கா அதைப் பெரியம்மைக்கு அனுமதித்தது.

பொறியாளனாக எனக்கு இங்கேதான் உறுத்துகிறது. சோதனை மேடையில் தாங்கிய பாலம் ஆற்றில் தாங்கும் என்று யாரும் கையெழுத்துப் போடமாட்டோம். 2024இல் காங்கோவில் 597 நோயாளிகளிடம் செய்த ஆய்வின் முடிவு வந்தது: அந்த மருந்து கொப்புளம் ஆறும் நாள்களைக் குறைக்கவில்லை. மருந்து பெற்றவர், பெறாதவர் என எல்லாரையும் சேர்த்து இறப்பு 1.7 விழுக்காடு. நாட்டின் பொதுவான இறப்பு விகிதத்தைவிட இது குறைவு. மருத்துவமனையில் கிடைத்த உணவும் கவனிப்புமே அதற்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

நாகப்பட்டினம், ஆவடி முகாம்களில் அம்மை குத்தி எண்ணி ஏற்றப்பட்டு இந்தத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். உடம்பு சரக்காக எண்ணப்படுவது நமக்குப் புதிதல்ல. மலேசியா 1984இல் கெரா ஏற்றுமதியைத் தடை செய்தது, 2007இல் கொஞ்ச காலம் தளர்த்தியது. 2022இல் நீண்ட வால் கெரா அருகிவரும் இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. செம்பனைக்குக் காட்டை அழித்தோம், மிச்சக் காட்டிலிருந்து கூண்டுகளை நிரப்பினோம், அந்தக் கூண்டில் அதற்கு வந்த நோய்க்கு அதன் பெயரையே வைத்தோம். ரொட்டியைப் பிடுங்கும் கெராவையா திருடன் என்பது?