ஹாம்பர்க் நகரத்து விஷபேதி

1892ஆம் வருஷத்து ஆகஸ்டு மாதத்தில், ஜெர்மானியப் பேரரசின் உறுப்பாயினும் தன்னாட்சி புரிந்துவந்த ஹாம்பர்க் துறைமுகப் பட்டணத்தை விஷபேதி என்னும் காலரா தாக்கியபோது, சில வாரங்களுக்குள் சுமார் 17,000 பேர் நோயுற்று, அவர்களுள் ஏறத்தாழ 8,600 பேர் மாண்டனர். அதற்கு ஒட்டினாற்போலிருந்த பிரஷ்ய நகரமாகிய ஆல்டோனாவோ, எல்பே நதியில் ஹாம்பர்க்கின் கழிநீரெல்லாம் கலந்த பிறகு வந்துசேரும் நீரையே எடுத்துக் குடித்தும், பெருஞ்சேதமின்றித் தப்பியது. காரணம் மணல். ஆல்டோனா தன் நீரை 1859 முதல் மணற்படுகைகளில் மெல்ல வடியவிட்டே குழாய்களுக்கு அனுப்பியது. ஹாம்பர்க், ஆற்றில் ஓடியதை அப்படியே அனுப்பியது.

ஹாம்பர்க் ஏழை நகரமன்று. கப்பல் வியாபாரத்தால் ஐசுவரியம் கொழித்த ஊர். ஆனால் அதன் சட்டசபையில் வீட்டுச் சொத்துடையோருக்கெனத் தனி ஸ்தானங்கள் இருந்தன. தொழிலாளரில் பெரும்பாலோருக்கு வாக்கே கிடையாது. வடிகட்டும் நிலையத்தின் செலவை யார் தலையில் சுமத்துவது என்ற தர்க்கத்திலேயே வருஷங்கள் பல கழிந்து, 1890இல் ஒருவாறு தீர்மானம் நிறைவேறி, வேலை முடியுமுன் நோய் வந்துவிட்டது. வியாதிக்கு நிலத்தின் தன்மையே மூலம் என்று மியூனிக் நகரத்துச் சுகாதார அறிஞர் பெட்டென்கோபர் கூறிவந்த சித்தாந்தம், நீருக்குப் பணம் செலவிட மனமில்லாத அதிகாரிகளுக்கு எவ்வளவு இதமாயிருந்திருக்கும்!

குழாய் என்னவோ மாளிகைக்கும் சந்துக்கும் ஒரே நீரைத்தான் கொண்டுசென்றது. ஆயினும் மாளிகையில் அதைக் கொதிக்கவைக்கப் பணிப்பெண் உண்டு. அச்சம் மிகுந்தால் ஊரைவிட்டே புறப்பட ரயில் உண்டு. துறைமுகத்தை அடுத்த கேங்கபீர்ட்டெல் என்னும் நெருக்கமான சந்துகளில், பல குடும்பங்களுக்கு ஒரே கழிப்பிடமும், அன்றாடம் கிடைத்தால் உண்டு என்ற கூலியும் வாய்த்தவர்களுக்கு, அடுப்புக்கரியே அரும்பொருள். வருமானம் குறையக் குறைய மரணம் பெருகியதை நகரத்தின் புள்ளிவிவரங்களே பின்னர் காட்டின. 1884இல் கல்கத்தாவில் இந்நோய்க்குக் காரணமான கிருமி இன்னதென நிலைநாட்டிய ராபர்ட் கோக், பேரரசின் சார்பில் வந்து இச்சந்துகளைக் கண்டு திகைத்தார்.

ஏழைகளின் அசுத்தமே எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்லத் துணிவோருக்கு, எல்லையோரத்தில் ஒரு கட்டடத் தொகுதி விடையாக நின்றது. ஹாம்பர்க்கின் எல்லைக்குள் இருந்தும் ஆல்டோனாவின் குழாய்நீரைப் பெற்ற அங்கே, சில நூறு பேர், பெரும்பாலும் தொழிலாளர் குடும்பத்தினர், நெருக்கியடித்து வாழ்ந்தனர். சுற்றுமுற்றும் நோய் பரவியபோதும், அவர்களை அது தீண்டவில்லை.

1893ஆம் வருஷம் மே மாதத்தில் ஹாம்பர்க்கும் நீரை வடிகட்டத் தொடங்கியது. சந்துகளில் ஒரு பகுதியை இடித்துப் பெருங்கடைகள் நிறைந்த அகன்ற வீதியொன்றையும் பின்னர் சமைத்தார்கள். அங்கிருந்து வெளியேறியவர்களுக்கோ, வேலைக்கு அருகில் அத்தனை குறைந்த வாடகையில் வேறு வீடு கிடைப்பது அரிதாயிற்று. 1896இல் வாக்குரிமை சற்று விரிந்தது. அதன் பயனாகத் தொழிலாளர் கட்சியினர் சட்டசபைக்குள் வரத் தொடங்கவே, 1906இல் வாக்காளரை வருமானப்படி வகுப்புகளாகப் பிரித்து, அக்கதவை மறுபடியும் பாதி சாத்தினார்கள்.