புற்றுநோய் கண்ட நாய்க்கு உணவும் ஆறுதலும்: வீட்டில் செய்யக்கூடியவை

பத்து ஆண்டுகளாக வாசலில் காவல் இருந்த நாய் ஒரு நாள் தட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறது. சோறு பிடிக்கவில்லை போலும் என்று வீட்டார் மறுநாள் கோழி போடுகிறார்கள். அதற்கு மறுநாள் மீன். மூன்றாம் நாள் கையில் பிசைந்து வாயில் திணித்துப் பார்க்கிறார்கள். நாய் நகர்ந்து போய் மூலையில் படுத்துக்கொள்கிறது.

புற்றுநோய் கண்ட நாயை வளர்க்கும் வீடுகளில் அன்றாடம் நடப்பது இதுதான். அந்த நாய்க்கு முதலில் தேவைப்படுவது வேறு சாப்பாடு அல்ல. வலியும் குமட்டலும் அடங்க வேண்டும். அவை அடங்கினால் பெரும்பாலான நாய்கள் தாமாகவே தட்டுக்கு வரும். அறுவை சிகிச்சைக்கும் கீமோதெராபிக்கும் செலவு செய்ய முடியாத குடும்பத்தாலும் இதைச் செய்துகொடுக்க முடியும்.

கட்டி எல்லாம் புற்று அல்ல

வயதான நாயின் தோலுக்கடியில் உருளும் மென்மையான கட்டி வெறும் கொழுப்புக் கட்டியாகவும் இருக்கலாம். கையால் தொட்டுப் பார்த்து இதை உறுதிசெய்ய இயலாது. கால்நடை மருத்துவர் சிறிய ஊசியால் கட்டியிலிருந்து கொஞ்சம் அணுக்களை உறிஞ்சி நுண்ணோக்கியில் பார்ப்பார். பெரும்பாலும் மயக்க மருந்து இல்லாமலேயே செய்யக்கூடிய சோதனை இது.

கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு முலைக்கட்டி அதிகம் வரும். அவற்றில் ஏறக்குறைய பாதி தீங்கற்றவை. முதல் பருவத்திற்கு முன்பே கருத்தடை செய்த நாய்க்கு இக்கட்டி வருவது மிக அரிது. தெருவிலும் தோட்டத்திலும் சுதந்திரமாகத் திரியும் நாய்களுக்கு இனச்சேர்க்கை வழியாகப் பரவும் ஒரு கட்டி உண்டு. பிறப்புறுப்பில் காலிஃபிளவர் போல் சிவந்து வளர்ந்து இரத்தம் கசியும். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும், வாரம் ஒரு முறை போடப்படும் வின்கிரிஸ்டின் ஊசியில் பெரும்பாலும் முழுமையாகக் குணமாகும். பெயர் தெரியாமலேயே 'இனி முடிந்தது' என்று நாயைக் கைவிடுவது பெரிய தவறாகிவிடலாம்.

வேறு சில வகைகள் கடுமையானவை. தாடைக்கடியிலும் முழங்காலுக்குப் பின்னாலும் நெறிகட்டுவது லிம்போமாவாக இருக்கலாம். சிகிச்சை இல்லாவிட்டால் அந்த நாய்க்குப் பெரும்பாலும் ஓரிரு மாதங்களே மிஞ்சும். பெரிய உடம்புள்ள நாய் காரணமின்றி நொண்டினால் எலும்புப் புற்றையும் சந்தேகிக்க வேண்டும். மண்ணீரலில் வரும் புற்று வெளியே தெரியாமல் வளர்ந்து திடீரென வெடித்து உள்ளுக்குள் இரத்தம் கசியும்.

தனியார் கிளினிக் செலவு கட்டுப்படியாகாதவர்கள் அரசாங்கக் கால்நடைச் சேவைத் துறையின் கிளினிக்கில் விசாரிக்கலாம். அங்கே கட்டணம் குறைவு. சிக்கலான நோய்களுக்கு செர்டாங்கில் உள்ள மலேசிய புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை உண்டு. சிகிச்சை வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களும், "வலி இல்லாமல் வைத்துக்கொள்ள என்ன செய்யலாம்?" என்று மருத்துவரிடம் தயங்காமல் கேட்கலாம்.

ஏன் சாப்பிட மறுக்கிறது?

காரணங்கள் பல. வாயிலோ தாடையிலோ கட்டி இருந்தால் மெல்லும்போது வலிக்கும். வயிற்றில் கட்டி அழுத்தினால் இரண்டு வாயிலேயே வயிறு நிறைந்ததுபோல் ஆகிவிடும். சில மருந்துகள் குமட்டலை உண்டாக்கும். புற்றுநோயே உடலின் சத்தைப் பயன்படுத்தும் முறையை மாற்றிவிடுவதால், ஓரளவு சாப்பிடும் நாய்கூட முதுகுத்தண்டும் மண்டை எலும்பும் தெரிய மெலிந்துபோகும்.

குமட்டும் நாய் அடிக்கடி உதட்டை நக்கும், எச்சில் வடிக்கும், புல் தின்னும். ஆசையோடு தட்டருகே வந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும். இதைப் பிடிவாதம் என்று நினைக்கக் கூடாது. மரோபிட்டன்ட் போன்ற குமட்டல் மருந்தும், மிர்டாசபின் போன்ற பசியைத் தூண்டும் மருந்தும் கால்நடை மருத்துவரிடம் கிடைக்கும்.

பிரெட்னிசோலோன் கொடுக்கப்படும் நாய் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்ளும். அதிகம் தின்னும், தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கும், வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழித்துவிடும். அது மருந்தின் வேலை. நாயைக் கண்டிக்கக் கூடாது, தண்ணீரையும் குறைக்கக் கூடாது. மருந்தையும் மருத்துவரைக் கேட்காமல் திடீரென நிறுத்தக் கூடாது.

எதை, எவ்வளவு, எப்படி?

10 கிலோ எடையுள்ள நாய் சும்மா படுத்திருந்தாலே நாளொன்றுக்கு ஏறக்குறைய 400 கலோரி தேவைப்படும். 20 கிலோ நாய்க்கு 660 கலோரி வரை வேண்டும். எலும்பும் தோலும் நீக்கி அவித்த கோழிக் கறி 150 கிராம், ஒரு அவித்த முட்டை, குழைய வேகவைத்த சோறு அரைக் கிண்ணம், மசித்த பூசணி இரண்டு கரண்டி சேர்த்தால் 10 கிலோ நாயின் ஒரு நாள் தேவைக்கு ஏறக்குறைய ஈடாகும். உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் வேண்டாம். இதே உணவை வாரக்கணக்கில் கொடுப்பதானால் கால்சியமும் மற்றச் சத்துகளும் போதாமல் போகும். எதைச் சேர்க்க வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சிறுநீரகமோ கணையமோ பாதிக்கப்பட்ட நாய்க்கு அளவுகளும் மாறும்.

அந்த அளவை ஒரே நேரத்தில் வைக்காமல் நான்கு முதல் ஆறு வேளையாகப் பிரித்துக் கொடுப்பது நல்லது. உணவை வெதுவெதுப்பாக்கினால் மணம் எழும்பும். நாய் நாக்கைவிட மூக்கால்தான் சாப்பாட்டைத் தீர்மானிக்கிறது. கையில் சுடாத அளவு சூடு போதும். கோழி அவித்த தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றினால் நீரும் உள்ளே போகும். கடையில் விற்கும் சூப் கட்டிகளில் உப்பும் வெங்காயத் தூளும் இருப்பதால் அவற்றைப் பயன்படுத்தக் கூடாது.

வாயில் கட்டி உள்ள நாய்க்கு உணவை மசித்துச் சிறு உருண்டைகளாக்கிக் கையால் கொடுக்கலாம். கழுத்தைக் குனிய முடியாத நாய்க்குத் தட்டை ஒரு முக்காலியில் வைத்தால் எளிதாகும்.

செவ்வாய், வெள்ளி, புரட்டாசி மாதம் என்று வீட்டில் கறி சமைக்காத நாட்கள் உண்டு. நோயுற்ற நாயின் வயிறு அடிக்கடி உணவு மாறுவதைத் தாங்காது. அந்த நாட்களுக்கென நாய்களுக்கான டின் உணவையோ, ஊறவைத்த பிஸ்கட் உணவையோ வழக்கமான உணவோடு முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கி வைக்கலாம்.

மாத்திரையை நாய்க்கு மிகவும் பிடித்த உணவில் ஒளித்து வைப்பது பலரின் வழக்கம். குமட்டும் நாய் அந்தக் கசப்பை உணவோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொண்டு, பிறகு அந்த உணவையே வெறுத்துவிடும். மாத்திரைக்கென்று வேறொரு சிறு உருண்டையை வைத்துக்கொள்வது நல்லது. வாயைத் திறந்து ஊற்றுவதும் திணிப்பதும் ஆபத்து. பலவீனமான நாய்க்கு உணவு நுரையீரலுக்குள் போய்விடலாம்.

வாரம் ஒரு முறை எடை பார்க்க வேண்டும். நாயைத் தூக்கிக்கொண்டு வீட்டுத் தராசில் நின்று, பிறகு தனியாக நின்று கழித்துப் பார்த்தால் போதும். ஒரு முழு நாள் எதுவும் சாப்பிடாவிட்டால் மருத்துவரை அழைக்க வேண்டும். தண்ணீரும் குடிக்காவிட்டால் அவ்வளவு நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

கொடுக்கவே கூடாதவை

வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். அதனால் மிஞ்சிய குழம்பு, சம்பல், ரசம் எதையும் சோற்றில் ஊற்றக் கூடாது. தேங்காய்ப்பாலும் எண்ணெயும் மிதக்கும் கறி கணையத்தை வீங்க வைக்கும். திராட்சை, உலர்ந்த திராட்சை, சாக்லேட், சர்க்கரை இல்லாத மிட்டாய்களில் உள்ள சைலிட்டால் ஆகியவை நஞ்சு. சமைத்த எலும்பு ஊசிபோல் உடைந்து குடலைக் குத்தும். கீமோதெராபி எடுக்கும் நாய்க்கு எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும் என்பதால் பச்சை இறைச்சி வேண்டாம்.

மனிதர்களின் வலி மாத்திரைகள் இவற்றைவிட ஆபத்தானவை. பாராசிட்டமால் நாயின் ஈரலைக் கெடுக்கும். ஐபுபுரோஃபென் வயிற்றுப் புண்ணையும் சிறுநீரகச் செயலிழப்பையும் உண்டாக்கும். இரக்கப்பட்டுக் கொடுக்கும் அரை மாத்திரையே உயிரைப் பறித்துவிடலாம். நாய்களுக்கென்று மெலோக்சிகம் போன்ற மருந்துகள் இருக்கின்றன. அவற்றைப் பிரெட்னிசோலோனோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது என்பதால், ஏற்கெனவே என்ன மருந்து கொடுத்தோம் என்பதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

புற்றுநோயைக் குணப்படுத்தும் உணவோ மூலிகையோ இதுவரை நிரூபிக்கப்படவில்லை. மஞ்சள், பப்பாளி இலைச் சாறு என்று யார் எதைச் சொன்னாலும், கொடுக்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

கத்தாத வலி

வலியால் கத்தும் நாய் குறைவு. ஓய்வாக இருக்கும்போதே மூச்சிரைப்பது, படுத்த சிறிது நேரத்தில் எழுந்து இடம் மாறுவது, ஒரே இடத்தை விடாமல் நக்குவது, தொட்டால் உறுமுவது, கட்டிலுக்கடியிலோ பின்கட்டிலோ போய் ஒளிந்துகொள்வது ஆகியவை வலியின் அடையாளங்கள். இரவில் தூங்காமல் நடந்துகொண்டே இருக்கும் நாயும் வலியில் இருக்கலாம்.

ஈறு வெளுத்துப்போய், வயிறு உப்பி, நாய் திடீரெனச் சரிந்து விழுந்தால் உள்ளே இரத்தக் கசிவு இருக்கலாம். அது விடியும்வரை காத்திருக்கும் விஷயம் அல்ல.

படுக்கை, புண், வெயில்

காவல் நாய் என்று கேட்டருகே சங்கிலியில் கட்டியிருந்த நாயை இந்த நாட்களில் அவிழ்த்துவிட வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே மதிய வெப்பம் நோயுற்ற உடம்புக்குத் தாங்காது. நிழலும் காற்றாடியும் உள்ள, வீட்டார் நடமாட்டம் தெரியும் இடமாகப் பார்த்துத் தடித்த படுக்கை போட வேண்டும். பழைய மெத்தைமேல் நெகிழி விரித்து, அதன்மேல் பழைய சேலையோ துண்டோ போட்டால் மாற்றித் துவைப்பது எளிது.

எழ முடியாத நாயைச் சில மணி நேரத்திற்கு ஒரு முறை மறுபக்கம் திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் இடுப்பிலும் தோளிலும் படுக்கைப் புண் வரும். வழுக்கும் மொசைக் தரையில் ரப்பர் விரிப்பு போடலாம். பின்னங்கால் தளர்ந்த நாயின் வயிற்றுக்கடியில் ஒரு துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்தால் அது தானே நடந்து சிறுநீர் கழித்துவிட்டு வரும். எலும்புப் புற்று கண்ட நாயைப் படியேறவும் குதிக்கவும் விடக் கூடாது. கால் எளிதில் முறிந்துவிடும்.

உடைந்த கட்டியில் ஈ மொய்த்தால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். கொதித்து ஆறிய உப்புநீரால் தினமும் கழுவி, மருத்துவர் சொன்னபடி மூடி வைக்க வேண்டும். தைலம், கற்பூரம், மஞ்சள் எதையும் தடவ வேண்டாம். நாய் நக்கி விழுங்கிவிடும். புழு வைத்துவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே கிளினிக்கிற்குக் கொண்டுபோக வேண்டும்.

கீமோதெராபி நடக்கும் வீட்டில், மருந்து கொடுத்த முதல் சில நாட்களுக்கு நாயின் சிறுநீர், மலம், வாந்தியைக் கையுறை போட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். கர்ப்பிணிகள் அந்த வேலையைச் செய்யக் கூடாது.

நல்ல நாளா, கெட்ட நாளா?

அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004இல் ஓர் அளவுகோலை வகுத்தார். வலி இல்லாமை, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமாக இருப்பது என ஏழு அம்சங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை புள்ளி. மொத்தம் 35க்கு மேல் இருந்தால் பராமரிப்பைத் தொடரலாம்.

இதைவிட எளிய வழி நாள்காட்டி. நாய் வாலாட்டிச் சாப்பிட்ட நாளுக்கு ஒரு வட்டம், துன்பப்பட்ட நாளுக்கு ஒரு கோடு. கோடுகள் வட்டங்களை மிஞ்சத் தொடங்கினால் மருத்துவரிடம் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. வீட்டில் ஆளுக்கொரு கருத்து இருக்கும்போது இந்தத் தாள் எல்லாருக்கும் ஒரே செய்தியைச் சொல்லும்.

கருணை ஊசி என்றதும் பலர் தயங்குவார்கள். பைரவரின் வாகனம், பாவம் சேரும் என்று அஞ்சுவார்கள். அந்தத் தயக்கத்தை யாரும் ஏளனம் செய்யத் தேவையில்லை. ஆனால் நாட்டின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், பிராணியை வலியிலிருந்தும் நோயிலிருந்தும் காப்பது உரிமையாளரின் கடமை என்கிறது. மருந்துக்கும் அடங்காத வலியில் நாயைக் கிடக்க விடுவதும் ஒரு முடிவுதான்.

அந்த ஊசி உண்மையில் அளவுக்கு மீறிய மயக்க மருந்து. சில வினாடிகளில் நாய் நினைவிழக்கும். சில நிமிடங்களில் இதயம் நிற்கும். கண் திறந்தே இருக்கும். உடல் ஒருமுறை துடிக்கலாம், மூச்சு விடுவதுபோல் தோன்றலாம், சிறுநீர் பிரியலாம். அப்போது நாய்க்கு எதுவும் தெரியாது. உடன் இருப்பவர்கள் இதை முன்பே அறிந்திருந்தால் பயப்பட மாட்டார்கள். அந்த மருந்து உடலில் தங்கியிருக்கும் என்பதால், வேறு விலங்குகள் தோண்டாதபடி ஆழமாகப் புதைக்க வேண்டும். நகர்ப்புறங்களில் செல்லப் பிராணிகளுக்கான தகனச் சேவையும் உண்டு.

பிள்ளைகளிடம் 'ஓடிப் போய்விட்டது' என்று சொல்லக் கூடாது. அவர்கள் வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். நோயால் இறந்தது, கடைசியில் வலி இல்லாமல் இருந்தது என்று சொன்னால் அழுதாலும் ஏற்றுக்கொள்வார்கள்.

கடைசி நாட்களில் நாய் சாப்பிடாமலே போகலாம். அப்போது தட்டை எடுத்து வைத்துவிட்டு, ஈரத் துணியால் அதன் வாயை நனைத்து, பழகிய குரலில் பேசிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.