உப்பினுள் மூலக்கூறு உண்டோ?

உப்புக்கல் ஒன்றை நுணுக்கிக்கொண்டே சென்றால் ஈற்றில் எஞ்சுவது யாது? ஒரு சோடியமும் ஒரு குளோரீனும் இணைந்த மூலக்கூறே என்பது முன்னை நாள் இரசாயன அறிஞர் பலரின் துணிபு.

1912ஆம் ஆண்டில், பளிங்கினூடு செல்லும் எக்ஸ் கதிர்கள் ஒழுங்கான புள்ளிக்கோலத்தைத் தோற்றுவிக்கும் என்பது மியூனிக் நகரிற் கண்டறியப்பட்டது. அத்தகைய கோலங்களைக்கொண்டு, லோறன்ஸ் பிராக் என்னும் இளைஞர் 1913இல் உப்பின் அமைப்பை வெளியிட்டார். ஒவ்வொரு சோடியத்தையும் ஆறு குளோரீன்களும், ஒவ்வொரு குளோரீனையும் ஆறு சோடியங்களும் சூழ்ந்து நின்றன. தனித்த இணை எங்கணும் இல்லை! 1915இல் தந்தையாருடன் நோபல் பரிசு பெற்றபோது அவருக்கு வயது இருபத்தைந்தே.

முதுபெரும் இரசாயனப் பேராசிரியராகிய ஹென்றி ஆம்ஸ்ட்றோங் இதனை ஏற்றாரல்லர். பொதுப்புத்திக்கு இது ஒவ்வாது என 1927இலும் 'நேச்சர்' இதழில் வாதிட்டார்.

உருகுநிலைகளோ பிராக்கின் பக்கமே சான்று பகர்கின்றன. நப்தலீன் பளிங்கில் மூலக்கூறுகள் உண்டு. அவற்றிடையே உள்ள வான் டர் வால்ஸ் விசைகள் மெலியவை. ஆதலின் அது ஏறத்தாழ 80 பாகை செல்சியசில் உருகும். உப்பிலோ எதிரேற்றமுடைய அயன்களின் கவர்ச்சி பளிங்கு முழுவதையும் பிணைப்பதால் 801 பாகை வேண்டும்.

உப்பின் வாய்பாடு விகிதத்தையே உரைப்பது, மூலக்கூறை அன்று. 'உப்பு மூலக்கூறு' என இன்றும் எழுதும் மாணவர், ஆம்ஸ்ட்றோங்கின் பிழையையே மீட்டும் இழைக்கின்றனர்.