கந்தரோடையில் மேஜர் பரமேஸ்வரன்

இலங்கை உள்நாட்டுப் போரில் ஈடுபட்ட இந்திய அமைதிப்படையில் பரம்வீர் சக்கரம் என்னும் உயரிய வீர விருதைப் பெற்ற ஒரே வீரர் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். பம்பாயில் 1946 செப்டம்பர் 13 அன்று தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1972இல் மகார் ரெஜிமென்ட்டில் அதிகாரியானார்.

1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி போராளிக் குழுக்களின் ஆயுதங்களைப் பெற்றுக்கொள்ளச் சென்ற அமைதிப்படை, அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு நேரடிப் போரில் இறங்கியது. தமிழ்நாட்டுக்கு இப்போர் தொலைதூரச் செய்தியாக இருந்ததில்லை. சில ஆண்டுகளுக்கு முன்புதான் மேட்டூர் அணையை அடுத்த கொளத்தூரில் புலிகளின் பயிற்சி முகாம் நடந்தது. அன்று இந்திய அரசின் ஆசியோடு பயின்ற இயக்கமே இப்போது இந்தியச் சிப்பாய்களுக்கு எதிர்த்தரப்பு.

யாழ்ப்பாணத்துக் கந்தரோடையில் ஆயுதங்கள் இறங்கியிருப்பதாகத் தகவல் வந்தது. 8ஆவது மகார் பட்டாலியனைச் சேர்ந்த பரமேஸ்வரன் தம் ஆட்களோடு தேடுதலுக்குப் புறப்பட்டார். நவம்பர் 25 அன்று திரும்பும் வழியில் பதுங்கியிருந்த புலிகள் சுட்டனர். மறைவிடம் தேடி ஒதுங்காமல், அவர் சுற்றிவளைத்துப் பின்புறமாகப் பாய்ந்தார். எதிர்பாராத அத்தாக்குதல் கைகலப்பானது. அதில் புலிகளில் ஒருவர் பரமேஸ்வரனின் மார்பில் சுட்டார். குண்டு பாய்ந்த நிலையிலேயே சுட்டவரின் துப்பாக்கியைப் பிடுங்கி, அதைக் கொண்டே அவரைச் சுட்டு வீழ்த்தினார் பரமேஸ்வரன். பிறகு உயிர் பிரியும்வரை ஆட்களுக்கு உத்தரவிட்டுக்கொண்டிருந்தார். புலிகள் ஐவர் இறந்தனர்; மூன்று துப்பாக்கிகளும் இரண்டு ராக்கெட் லாஞ்சர்களும் கைப்பற்றப்பட்டன.

விருதுக் குறிப்பு இவற்றைச் சில வரிகளில் சொல்லி முடிக்கிறது. நிகழ்ச்சிக்கு அதற்குமேல் அடைமொழி தேவையில்லை. மார்பில் ஏற்ற புண்ணைப் புறத்திணை மரபு போற்றும். பரமேஸ்வரனிடம் அதைவிட வியப்பளிப்பது, புண்பட்ட பின்னும் அறிவு கலங்காமல் படை நடத்தியது. அவரும் தமிழர், எதிரில் நின்றவர்களும் தமிழர் என்ற சங்கடத்தை இந்த வீரம் நீக்கிவிடாது. அச்சங்கடத்தால் வீரம் குறைந்துவிடுவதும் இல்லை.

ஏறத்தாழ 1,200 வீரர்களை இழந்த அமைதிப்படையின் கடைசிப் பிரிவு 1990 மார்ச்சில் சென்னை வந்தபோது, வரவேற்பு நிகழ்ச்சிக்கு முதலமைச்சர் கருணாநிதி செல்லவில்லை. ஈழத் தமிழர்மீது படை நடத்தியதாகத் தமிழ்நாட்டில் அன்று மூண்டிருந்த கசப்பு அத்தகையது. அதனால் பரமேஸ்வரன் பொதுமேடைகளில் பேசப்பட்டது குறைவு. ராணுவம்தான் அவர் பெயரைக் காத்தது. சென்னை அதிகாரிகள் பயிற்சி அகாதெமியின் அணிவகுப்புத் திடலும் சாலிகிராமத்து ராணுவக் குடியிருப்பும் அவர் பெயர் தாங்கியவை. 2023இல் அந்தமான் தீவு ஒன்றுக்கும் அப்பெயர் சூட்டப்பட்டது.