மாதவிடாய் நிறுத்தமும் மூட்டுவலியும்: மருத்துவ வரலாறு

மாதவிடாய் நிற்கும் வயதை ஒட்டி விரல், முழங்கால், தோள் ஆகிய மூட்டுகளில் வலியும் காலை நேர விறைப்பும் தோன்றுவது மருத்துவ உலகுக்குப் புதிய செய்தியன்று. எனினும் அதற்கெனத் தனிப்பெயர் சூட்டப்பட ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. அதுவரை பல பெண்களுக்குக் கிடைத்த விடை 'வயதாகிவிட்டது' என்பதே.

'மெனோபாஸ்' என்ற சொல்லை 1821இல் பிரெஞ்சு மருத்துவர் கார்தான் வழக்குக்குக் கொண்டுவந்தார். மூட்டுவலியை அதனோடு வெளிப்படையாக இணைத்தவர்கள் அமெரிக்க மருத்துவர்கள் ரசல் செசில், பெஞ்சமின் ஆர்ச்சர் ஆகியோர். 1925இல் வெளிவந்த அவர்களது கட்டுரையின் தலைப்பே 'மாதவிடாய் நிறுத்தக்கால மூட்டழற்சி'. ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோன் ஒன்று தூய நிலையில் பிரித்தெடுக்கப்பட்டதே 1929இல்தான். அவ்வகையில் செசில், ஆர்ச்சர் இருவரின் அவதானிப்பு காலத்தை முந்தியது.

1941இல் பாஸ்டன் மருத்துவர் புல்லர் ஆல்பிரைட், மாதவிடாய் நின்றபின் வரும் எலும்புப்புரையை விரிவாக விளக்கினார். அதன்பின் ஆய்வாளர்களின் கவனம் எலும்பின் பக்கம் சாய்ந்தது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் இன்றும் உளர். எலும்புப்புரை பொதுவாக எலும்பு முறியும்வரை வலிப்பதில்லை. மூட்டுவலியோ அன்றாட வேலையையே முடக்கக்கூடியது. 1953இல் வந்த குப்பர்மன் அறிகுறி அட்டவணையில் மூட்டுவலிக்கு இடமிருந்தும், உடல் திடீரெனச் சுடுவதும் வியர்ப்பதுமே மேற்கத்திய மருத்துவத்தில் மாதவிடாய் நிறுத்தத்தின் அடையாளமாயின.

இது எல்லா நாட்டுக்கும் பொருந்தவில்லை. மானிடவியலாளர் மார்கரெட் லாக் ஜப்பானியப் பெண்களிடம் ஆய்வு செய்தபோது, உடல் சுடுவதைவிடத் தோள் விறைப்பையே அவர்கள் மிகுதியாகக் கூறினர். அவரது நூல் 1993இல் வெளியானது.

வலுவான சான்று எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் அரோமட்டேஸ் தடுப்பு மருந்துகள் உடலின் ஈஸ்ட்ரோஜனை வெகுவாகக் குறைப்பவை. அவற்றை உட்கொண்ட பெண்கள் பலர் மூட்டுவலியால் அவதியுற்றனர். 2005இல் ஃபெல்சன், கமிங்ஸ் இருவரும் இதை ஈஸ்ட்ரோஜன் இழப்பின் விளைவாக விளக்கினர். மார்பகப் புற்றுநோய், இதயநோய் அபாயம் கண்டு 2002இல் நிறுத்தப்பட்ட அமெரிக்க ஹார்மோன் சிகிச்சை ஆய்விலும், மாத்திரையை விட்ட பெண்களிடம் வலியும் விறைப்பும் கூடுதலாகக் காணப்பட்டன.

2024இல் வோண்டா ரைட்டும் உடனாய்வாளர்களும் இவ்வறிகுறிகளைத் தொகுத்து 'மாதவிடாய் நிறுத்தத் தசை-எலும்பு நோய்க்குறித்தொகை' எனப் பெயரிட்டனர். பெயர் கிடைத்ததில் ஓர் ஆபத்தும் உண்டு. முடக்குவாதமும் பெண்களிடம் பெரும்பாலும் நடுவயதிலேயே தொடங்குகிறது. வீங்கிச் சூடேறிய மூட்டை மாதவிடாய் நிறுத்தத்தின் கணக்கில் எழுதிவிட்டால் சிகிச்சை தாமதமாகும்.